முதுகு ஊசிக்குப் பயந்த இரவு

மூளை உறையைத் தாக்கும் பாக்டீரியாவுக்கு மருந்து உண்டு. தடுப்பூசியும் உண்டு. ஆனாலும் பிள்ளைகளின் உயிர் போகிறது, காது போகிறது. நடுவில் நாம் எதைத் தொலைக்கிறோம்?

2018 ஜூலை மாதம். தென்மாவட்டம் ஒன்றில் ஓர் அரசு மருத்துவமனையின் குழந்தைகள் வார்டு. இரவு ஒரு மணி தாண்டியிருந்தது. கட்டிலில் கிடந்தவன் என் அக்கா மகன், ஒன்பது மாதக் குழந்தை. 108 ஆம்புலன்ஸில் வரும் வழியிலும் வெட்டு வந்து, கண் மேலே செருகி, கை கால் இழுத்து, இப்போது துவண்டு போயிருந்தான். பணியில் இருந்த இளம் டாக்டரம்மா அவன் தலையில் இரண்டு விரல்களை வைத்துப் பார்த்தார். வழக்கமாகக் குழிந்து துடிக்கும் உச்சிக்குழி, குழிப்பணியாரம் போல உப்பி நின்றது.

அவர் பேசிக்கொண்டு நிற்கவில்லை. செவிலியரிடம் மருந்துப் பெயர்களைச் சொன்னார். பத்து நிமிடத்துக்குள் அவன் கையில் ஊசி ஏறியது. அதன் பிறகுதான் ஒரு தாளுடன் எங்களிடம் வந்தார். "முதுகில ஊசி போட்டுக் கொஞ்சம் நீர் எடுக்கணும். கையெழுத்து வேணும்."

அக்காவின் மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "முதுகுல ஊசியா? வேணவே வேணாந்தா. எங்க தெருவுல ஒரு பிள்ளைக்கு அப்படித்தான் எடுத்தாக. காலு ரெண்டும் விளங்காமப் போச்சு." மச்சான் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா என்னைப் பார்த்தாள். "என்ன தம்பி செய்ய?"

பத்திரிகையில் இருப்பவன், நாலு விஷயம் தெரிந்தவன் என்று வீட்டில் எனக்குப் பெயர். அந்த நேரத்தில் எனக்கும் பயம்தான் இருந்தது. "காலையில பெரிய டாக்டர் வரட்டும்க்கா" என்றேன். அந்த ஒரு வாக்கியத்தை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

இரவில் மூன்று முறை வந்து கேட்டார் டாக்டரம்மா. காலை ஆறு மணிக்கு மச்சான் கையெழுத்துப் போட்டார். குழந்தையைப் பக்கவாட்டில் சுருட்டிப் பிடித்து, இடுப்புக்குப் பின்னால் ஊசியைச் செலுத்தி, சொட்டுச் சொட்டாகச் சிறு குப்பியில் பிடித்தார்கள். அதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. குப்பியை டியூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பார்த்த டாக்டரம்மா, மேசையில் கிடந்த அச்சுத் தாளை அதன் பின்னால் வைத்தார். எழுத்துகள் மங்கித் தெரிந்தன. மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியிருக்கும் அந்த நீர், ஊற்றுத் தண்ணீர் போலத் தெளிந்திருக்க வேண்டும். இது அரிசி களைந்த தண்ணீர் போல இருந்தது.

ஒரே பெயர், பல நோய்கள்

கேரளத்தில் 2024லும் 2025லும் 'மூளையைத் தின்னும் அமீபா' பற்றி அடுத்தடுத்து வந்த செய்திகள் தமிழ்நாட்டையும் கலக்கின. குளத்தில் குளிக்கலாமா, மூக்கில் தண்ணீர் ஏறினால் என்ன ஆகும் என்று வாட்ஸ்அப் குழுக்கள் பதறின. அந்தப் பயத்தில் தவறில்லை. ஆனால் அந்த அமீபா மிக அரிதாகத்தான் தொற்றும். குளத்துப் பக்கமே போகாத கைக்குழந்தையை, வீட்டுக்குள்ளேயே வந்து தாக்குகிற பழைய எதிரி ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி யாரும் ஒரு வரி ஃபார்வர்டு செய்து நான் பார்த்ததில்லை. பாக்டீரியா உண்டாக்கும் மூளை உறைக் காய்ச்சல், டாக்டர்கள் வாயில் 'மெனிஞ்சைட்டிஸ்'.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2019இல் எல்லா வகை மூளை உறைக் காய்ச்சலாலும் உலகில் இறந்தவர்கள் சுமார் இரண்டரை லட்சம் பேர். பாக்டீரியா வகை வந்தவர்களில் ஆறில் ஒருவர் இறக்கிறார். ஐந்தில் ஒருவருக்குக் காது, கண், மூளை, கை கால் என்று ஏதாவது ஒன்றில் கடுமையான பாதிப்பு தங்கிவிடுகிறது.

▪ பெட்டிச் செய்தி: எது மூளைக் காய்ச்சல்?

ஊர் வழக்கில் எல்லாமே மூளைக் காய்ச்சல்தான். பாட்டி காலத்தில் 'ஜன்னி'. மருத்துவத்தில் இவை வெவ்வேறு. கொசு பரப்பும் ஜப்பானிய மூளைக் காய்ச்சல், மூளைத் திசுவையே தாக்கும் வைரஸ் நோய். வைரஸால் வரும் மூளை உறைக் காய்ச்சல் பெரும்பாலும் தானாகவே தணிந்துவிடும். காசநோய்க் கிருமி உறையைத் தாக்கினால் நோய் வாரக்கணக்கில் மெதுவாக ஏறும். சிகிச்சை மாதக்கணக்கில் நீளும். பாக்டீரியா வகையோ மணிக்கணக்கில் முற்றும். நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், 'ஹிப்' ஆகிய மூன்றும்தான் முக்கியக் கிருமிகள். பிறந்த சில வாரங்களுக்குள் வந்தால் காரணம் பெரும்பாலும் வேறு: பி வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ், ஈ கோலை, கிளெப்சியெல்லா.

மூக்கிலிருந்து மூளை உறைக்கு

இந்தக் கிருமிகள் வெளியூரிலிருந்து வந்தவை அல்ல. நிமோகாக்கஸ் நம் வீட்டுப் பிள்ளைகளின் மூக்கின் உட்புறத்தில் ஒரு தொந்தரவும் தராமல் குடியிருப்பது சர்வசாதாரணம். மெனிங்கோகாக்கஸும் ஆரோக்கியமான பத்துப் பேரில் ஒருவர் தொண்டையில் இருக்கக்கூடும். இருமலில், தும்மலில், முத்தத்தில், ஒரே டம்ளரில் எச்சில்படக் குடிப்பதில் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகும். போன இடத்திலும் பெரும்பாலும் சும்மாதான் இருக்கும்.

எப்போதோ ஒருமுறை, எதிர்ப்புச் சக்தி சரியாக முதிராத குழந்தையிடமோ, சளிக் காய்ச்சலில் சவ்வு புண்ணாகிக் கிடக்கும் நேரத்திலோ, அது ரத்தத்துக்குள் நுழைந்துவிடுகிறது. ரத்தத்திலிருந்து மூளை உறைக்குப் போக ஒரு காவல் உண்டு. நம் உடம்பில் மிகக் கெட்டியான தடுப்புச் சுவர்களில் ஒன்று அது. அதையும் தாண்டிவிட்டால், உள்ளே இருக்கும் நீரில் கிருமியை எதிர்க்க ஆளே இல்லை. நோயெதிர்ப்பு அணுக்களும் புரதங்களும் அங்கே மிகக் குறைவு. அங்கே உள்ள சர்க்கரையைத் தின்று கிருமி பெருகும்.

அதன் பிறகுதான் உடம்பு விழித்துக்கொள்கிறது. வெள்ளை அணுக்கள் படைபடையாக இறங்குகின்றன. மூளை வீங்குகிறது. மண்டை ஓடு விரிந்து கொடுக்காது. அழுத்தம் ஏற ஏற வாந்தி, மயக்கம், வெட்டு. கைக்குழந்தைக்கு உச்சி எலும்பு இன்னும் மூடாததால் அழுத்தம் அங்கே வந்து முட்டுகிறது. நாங்கள் பார்த்த குழிப்பணியாரம் அதுதான்.

உரம் விழுந்தது என்று நினைத்த சாயங்காலம்

அந்த இரவுக்கு முன்னால் இரண்டு நாள் கதை இருக்கிறது. முதல் நாள் காய்ச்சல். மச்சான் தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் நிலைமையைச் சொல்லி, தண்ணீர் கலந்து குலுக்கிக் கொடுக்கும் ஆன்டிபயாடிக் சிரப் ஒன்றை வாங்கி வந்தார். டாக்டர் சீட்டு இல்லை. இரண்டு நாளும் அது போனது. காய்ச்சல் கொஞ்சம் தணிவது போலிருந்தது.

மூன்றாம் நாள் பகலில் குடித்த பாலைக் கக்கினான். சாயங்காலம் ஒரு விநோதம். அழுகிற பிள்ளையைத் தூக்கினால் அடங்கும், இவன் தூக்கினால்தான் வீறிட்டான். கீழே அசையாமல் கிடத்தினால் முனகலோடு நின்றான். துணி மாற்றக் காலைத் தூக்கியபோது வந்த அலறல் தெருவுக்கே கேட்டது. பக்கத்து வீட்டு அம்மா பார்த்துவிட்டு, "உரம் விழுந்திருக்கு" என்றார். உரம் எடுப்பது நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். பிள்ளையைச் சேலையில் போட்டு, இரண்டு பேர் இரு முனையையும் பிடித்து, இப்படியும் அப்படியுமாக உருட்டுவார்கள். உருட்டினார்கள். சோர்ந்து போய்க் கண்ணை மூடினான். தூங்கிவிட்டான் என்று எல்லோருக்கும் நிம்மதி. இரவு பதினொன்றரைக்கு வெட்டு வந்தது.

உரம் எடுப்பவர்கள் மீது எனக்குக் கோபமில்லை. கழுத்தை அசைத்தால் பிள்ளை அலறுகிறது என்பதைச் சரியாகக் கண்டுபிடித்தது அந்த அம்மாதான். உறை வீங்கியிருக்கும்போது முதுகையோ கழுத்தையோ வளைத்தால் அது இழுபடும், வலிக்கும். டாக்டர்கள் கழுத்தை மடக்கிப் பார்ப்பதும், காலை மடக்கி நீட்டிப் பார்ப்பதும் அதற்குத்தான். அடையாளம் சரியாக இருந்தது. அதற்குக் கொடுத்த பெயரும் போன இடமும்தான் தப்பு. காய்ச்சல் அடிக்கும் குழந்தை தூக்கும்போது வீறிட்டால் அது உரம் அல்ல, ஆம்புலன்ஸுக்கு நேரம்.

▪ பெட்டிச் செய்தி: விடியும் வரை காத்திருக்கக் கூடாதவை

கைக்குழந்தை என்றால்: பால் குடிக்க மறுப்பது, துணி போலத் துவளுவது, உச்சிக்குழி புடைப்பது, வழக்கத்துக்கு மாறான கீச்சென்ற அழுகை, வெட்டு. பிறந்த சில வாரக் குழந்தைக்குக் காய்ச்சலே இல்லாமல் உடம்பு சில்லிட்டும் போகலாம். பெரியவர்கள் என்றால்: காய்ச்சலோடு இதுவரை காணாத தலைவலி, கழுத்து இறுக்கம், வெளிச்சம் கூசுதல், முன்னுக்குப் பின் பேச்சு, எழுப்ப முடியாத தூக்கம். உடம்பில் சிவப்பு, ஊதாப் புள்ளிகள் தெரிந்தால் கண்ணாடி டம்ளரை அதன் மேல் அழுத்திப் பாருங்கள். அழுத்தியும் மறையவில்லை என்றால் மெனிங்கோகாக்கஸ் ரத்தத்தில் பரவுவதன் அறிகுறியாக இருக்கலாம். நம் நிறத்துத் தோலில் அது சட்டென்று தெரியாது. உள்ளங்கை, உள்ளங்கால், கண் இமையின் உட்புறம், வாயின் மேலண்ணம் ஆகிய இடங்களில் பாருங்கள். புள்ளி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பலருக்கு வராமலேயே போகும்.

எந்த ஊசிக்குப் பயந்தோம்?

இப்போது அந்த முதுகு ஊசிக்கு வருகிறேன். இதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையில் அதிகம் சொல்ல ஆசைப்படுகிறேன். நான் பயந்தது இதற்குத்தான்.

தண்டுவடம் முதுகெலும்பின் அடிவரை போவதில்லை. பெரியவர்களுக்கு இடுப்புக்குச் சற்று மேலேயே முடிந்துவிடுகிறது. குழந்தைகளுக்குக் கொஞ்சம் கீழே. அதற்கும் கீழே ஒரு பை நிறைய நீர். அதில் நரம்பிழைகள் தண்ணீரில் போட்ட சேமியா போல மிதக்கின்றன. ஊசி நுழைவது அந்த இடத்தில்தான். இடுப்பெலும்பின் மேல் விளிம்பை விரலால் தடவிக் கணக்கு வைத்து, அந்த மட்டத்தில் குத்துகிறார்கள். இழைகள் ஊசி பட்டால் விலகிக்கொள்ளும். எடுக்கும் நீர் ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. பெரியவர் உடம்பு ஒரு நாளைக்குச் சுமார் அரை லிட்டர் அந்த நீரைத் தானாகவே சுரக்கிறது. எடுத்த பிறகு சிலருக்குத் தலைவலியும் முதுகுவலியும் இருக்கும். அதுவும் சில நாளில் போய்விடும்.

கால் விளங்காமல் போனதாகச் சொல்லப்படும் பிள்ளைகள்? பெரும்பாலும் அதைச் செய்தது நோய். கடும் நோய் என்று சந்தேகம் வருபவர்களுக்குத்தான் இந்தச் சோதனையே நடக்கிறது. பிறகு வரும் பாதிப்பெல்லாம் ஊசியின் கணக்கில் எழுதப்பட்டுவிடுகிறது.

இன்னொன்று. சிசேரியனுக்கு மரத்துப்போக முதுகில் போடும் ஊசியும் ஏறக்குறைய அதே இடத்தில், அதே நீர்ப்பைக்குள் போவதுதான். அக்காவுக்கு அவன் பிறந்ததே அப்படித்தான். அதற்குக் கையெழுத்துப் போட்டதும் இதே மச்சான்தான், இரண்டே நிமிடத்தில். இதை அன்று ராத்திரி யாராவது எங்களுக்கு நினைவுபடுத்தியிருந்தால் ஐந்து மணி நேரம் போயிருக்காது.

எல்லோருக்கும் உடனே இந்த ஊசி போட முடியாது என்பதும் உண்மை. ஒரு பக்கம் கை கால் செயலிழந்தவர், சுயநினைவு வேகமாகக் குறைபவர், கண்ணின் உள்ளே அழுத்தத்தின் அடையாளம் தெரிபவர் போன்றோருக்கு முதலில் சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள். ஆனால் ஸ்கேனுக்காகவோ கையெழுத்துக்காகவோ மருந்து காத்திருக்கக் கூடாது. சந்தேகம் வந்தவுடன், மருத்துவமனைக்கு வந்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் ஊசி ஏற வேண்டும் என்பது உலகெங்கும் உள்ள விதி. எங்கள் டாக்டரம்மா நாங்கள் தயங்கிக்கொண்டிருந்தபோது அதைத்தான் செய்தார். அவன் உயிரோடு இருப்பதற்குக் காரணம் அந்தப் பத்து நிமிடம்.

சிரப் அழித்த சாட்சி

அந்த நீரில் வெள்ளை அணுக்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. சர்க்கரை, ரத்தத்தில் இருப்பதில் பாதிக்கும் மேல் இருக்க வேண்டியது, அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. புரதம் ஏறியிருந்தது. சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது இரட்டை இரட்டையாக ஊதா நிறக் கோளங்கள் சில தெரிந்தன. நிமோகாக்கஸின் சாயல். ஆனால் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையில் ஒன்றுமே வளரவில்லை.

காரணம் இரண்டு. இரண்டு நாள் உள்ளே போன மெடிக்கல் ஷாப் சிரப் கிருமியைக் கொல்லப் போதவில்லை, முடக்க மட்டும் போதுமாயிருந்தது. மிச்சத்தை, ஊசி மருந்து ஏறிய பிறகு நாங்கள் வீணாக்கிய ஐந்து மணி நேரம் முடித்தது. நரம்பில் மருந்து ஏறினால் மெனிங்கோகாக்கஸ் இரண்டு மணி நேரத்தில்கூட நீரிலிருந்து மறைந்துவிடும். நிமோகாக்கஸ் நாலு மணி நேரம் முதல் மறையத் தொடங்கும்.

கிருமி வளர்ந்திருந்தால் எந்த மருந்துக்கு அது கட்டுப்படும் என்று சோதித்து, ஒரே மருந்தோடு நிறுத்தியிருக்கலாம். வளராததால் செஃப்ட்ரையாக்சோனோடு வான்கோமைசினையும் சேர்த்து, எதிர்ப்புச் சக்தி பெற்ற நிமோகாக்கஸாக இருந்தாலும் தப்பக் கூடாது என்று, பதினான்கு நாளும் இரண்டையும் ஏற்றினார்கள். வான்கோமைசினை மெதுவாகத்தான் ஏற்ற முடியும். அந்தச் சின்னக் கையில் நரம்பு கிடைக்காமல் கால், தலை என்று தேடித் தேடிக் குத்தினார்கள். அக்கா ஒவ்வொரு முறையும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

முதல் டோஸோடு போன இன்னொரு மருந்து டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. இதன் கணக்கு கொஞ்சம் நுட்பமானது. ஆன்டிபயாடிக் கிருமியை உடைக்கும்போது அதன் துண்டு துணுக்குகள் நீரில் சிதறி, உடம்பின் கொதிப்பை இன்னும் கூட்டுகின்றன. மூளையையும் காது நரம்பையும் அதிகம் கெடுப்பது அந்தக் கொதிப்புதான். அதனால் ஆன்டிபயாடிக்குக்கு முன்போ அதோடு சேர்த்தோ ஸ்டீராய்டு கொடுக்கிறார்கள். நெதர்லாந்து மருத்துவர்கள் 301 பெரியவர்களிடம் நடத்தி 2002இல் வெளியிட்ட ஆய்வில், ஸ்டீராய்டு பெற்றவர்களில் இறந்தவர்கள் 7 சதவீதம், பெறாதவர்களில் 15 சதவீதம். ஆப்பிரிக்காவின் மலாவியில் இதே முறை அப்படிப் பலன் தரவில்லை. நோயாளிகள் தாமதமாக வருவதும், ஹெச்.ஐ.வி. அதிகமாக இருப்பதும் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள்.

வீடு திரும்பிய பிறகு

பதினைந்தாம் நாள் டிஸ்சார்ஜ். வீட்டில் ஆரத்தி எடுத்தார்கள். குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டது நிறைவேறியது. பிழைத்துவிட்டான், கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

நோய்க்கு முன்னால் அவன் கெட்டியாக உட்காருவான். வந்த பிறகு உட்கார வைத்தால் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தான். "படுத்துக் கெடந்த உடம்பு, தெம்பு வரணும்" என்றார்கள். நோய்க்கு முன்னால் "த்தா, த்தா" என்று நாள் முழுக்க மழலை. அது மெல்லக் குறைந்து, ஒரு கட்டத்தில் நின்றே போனது. "இவங்கப்பாவும் லேட்டாத்தான் பேசினான்" என்றார் மாமியார். ஒருநாள் சமையலறை வாசலில் அவன் முதுகு காட்டி உட்கார்ந்து டப்பா உருட்டிக்கொண்டிருந்தான். குக்கர் விசில் அடித்தது. அக்காவே துள்ளினாள். அவன் திரும்பவில்லை. அக்கா கரண்டியைத் தட்டில் ஓங்கி அடித்தாள். திரும்பவில்லை. அப்போது நவம்பர் முடியப் போகிறது. நாலு மாதம் போய்விட்டிருந்தது.

நிமோகாக்கஸ் தாக்கியவர்களில் பத்துக்கு மூன்று பேர் வரை கேட்கும் திறனை இழக்கக்கூடும். கிருமியும் கொதிப்பும் மூளை நீரிலிருந்து உள்காதுக்குள் கசிகின்றன. அங்கே நத்தைக்கூடு போலச் சுருண்டிருக்கும் உறுப்பில் கேட்கும் நுண்மயிர் அணுக்கள் அழிகின்றன. சமநிலையைக் காக்கும் உறுப்பும் பக்கத்திலேயே இருக்கிறது. அவன் சாய்ந்து சாய்ந்து விழுந்ததற்குத் தெம்பின்மை காரணமில்லை, காது காரணம்.

எந்த வீட்டுக்கும் தெரியாத ஒரு விஷயம் இதற்குப் பிறகுதான் வருகிறது. இந்த நோயால் கெட்ட உள்காது அப்படியே இருக்காது. அந்த நத்தைக்கூட்டின் உள்ளே எலும்பு வளர ஆரம்பிக்கும். சிலருக்குச் சில வாரத்திலேயே. உள்ளே எலும்பு அடைத்துவிட்டால், கேட்க உதவும் கருவியான காக்ளியர் இம்ப்ளான்ட்டின் மின்கம்பியைச் செலுத்த வழியே இருக்காது. வேறு காரணத்தால் காது கேளாமல் பிறந்த குழந்தைக்கு இந்த அவசரம் இல்லை. இந்த நோயிலிருந்து மீண்ட குழந்தைக்கு ஒவ்வொரு வாரமும் கணக்கு. அதனால்தான் டிஸ்சார்ஜுக்கு முன்போ, முடியாவிட்டால் நாலு வாரத்துக்குள்ளோ காது கேட்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும் என்று வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. 'பெரா' என்ற அந்தச் சோதனைக்குக் குழந்தை தூங்கினால் போதும், வலி கிடையாது. எங்கள் டிஸ்சார்ஜ் சீட்டில் அந்த வரி இல்லை. நாங்களும் கேட்கவில்லை. கேட்கத் தெரியவில்லை.

அவனுக்கு எடுத்த ஸ்கேனில் வலது காது முழுக்க எலும்பு அடைத்திருந்தது. இடது காதில் வழி இருந்தது. 2019 தொடக்கத்தில், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இடது காதுக்கு இம்ப்ளான்ட் வைத்தார்கள். கைக்காசு போட்டுச் செய்யும் வசதி மச்சானுக்கு இல்லை. அந்தத் திட்டம் இல்லாவிட்டால் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. கருவி வைத்ததும் பிள்ளை பேசிவிடாது. அக்கா இரண்டு வருஷம் வாரம் இரண்டு முறை பஸ் ஏறிப் பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப் போனாள். தையல் வேலையை விட்டாள்.

காது மட்டுமல்ல. வலிப்பு நோய், மூளையில் நீர் தேங்கித் தலை பெருத்தல், கற்றலில் பின்தங்கல், பார்வை மங்கல் எல்லாம் இந்த நோய் விட்டுப்போகும் தடயங்கள். மெனிங்கோகாக்கஸ் ரத்தத்தில் பரவியவர்களுக்கு விரல்களையும் கால்களையும் எடுக்க வேண்டி வந்ததுண்டு. சில பாதிப்புகள் பள்ளிக்கூடம் போகும் வயதில்தான் வெளியே தெரியும். அப்போது 'மக்குப் பிள்ளை' என்று பெயர் வாங்கும் குழந்தைக்கு, கைக்குழந்தையில் ஒரு காய்ச்சல் வந்ததே என்பது யாருக்கும் நினைவிருக்காது.

பெரியவர்கள் கவனிக்காத இரண்டு வாசல்

இது குழந்தைகள் நோய் மட்டுமல்ல. சர்க்கரை நோய், முதுமை, தொடர் குடி, மண்ணீரல் நீக்கம் ஆகியவை பெரியவர்களைப் பலவீனப்படுத்துகின்றன. இன்னும் இரண்டு வாசல்கள் நம் ஊரில் சாதாரணம். ஒன்று, வருஷக்கணக்கில் காதில் சீழ் வடிவது. எண்ணெய் காய்ச்சி ஊற்றிக் காலம் தள்ளுவார்கள். சீழுக்கும் மூளை உறைக்கும் நடுவில் இருப்பது மெல்லிய எலும்பு. மற்றொன்று, ஹெல்மெட் இல்லாத பைக் விபத்து. மண்டையின் அடிப்பகுதியில் கீறல் விழுந்து, குனிந்தால் ஒரு மூக்குத் துவாரத்தில் மட்டும் தெளிந்த நீர் சொட்டும். சளி என்று துடைத்துக்கொள்வார்கள். அது மூளை நீர். நீர் வெளியே வரும் வழியில் கிருமி உள்ளே போகும். விபத்து நடந்து பல மாதம், ஏன் பல வருஷம் கழித்தும் மூளை உறைக் காய்ச்சல் வரலாம். திரும்பத் திரும்பவும் வரலாம்.

பெரியவர்களிடம் காய்ச்சல், கழுத்து இறுக்கம், நினைவுத் தடுமாற்றம் மூன்றும் சேர்ந்தே வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. நெதர்லாந்தில் 696 நோய்த் தாக்குதல்களை ஆராய்ந்தபோது மூன்றும் சேர்ந்திருந்தது 44 சதவீதத்தில்தான். ஆனால் அந்த மூன்றோடு தலைவலியையும் சேர்த்த நான்கில், குறைந்தது இரண்டாவது 95 சதவீதத்தில் இருந்தது.

▪ பெட்டிச் செய்தி: பக்கத்தில் இருந்தவர்களுக்கு

கிருமி மெனிங்கோகாக்கஸ் என்றால் ஒரே வீட்டில் இருந்தவர்கள், ஒரே ஹாஸ்டல் அறையில் தூங்கியவர்கள் தடுப்பு மருந்து எடுக்க வேண்டும்: ரிஃபாம்பிசின் இரண்டு நாள், அல்லது சிப்ரோஃப்ளாக்சசினோ செஃப்ட்ரையாக்சோனோ ஒரே டோஸ். டாக்டர் சொல்லித்தான் எடுக்க வேண்டும். நிமோகாக்கஸ் என்றால் குடும்பத்தாருக்கு இது தேவையில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர், தூரத்தில் நின்று பார்த்தவர் பயப்பட வேண்டியதில்லை.

புதன்கிழமை ஊசி

தடுப்பூசிக் கதையில் நமக்குப் பெருமைப்பட இடமிருக்கிறது. 'ஹிப்' கிருமி இந்தியாவில் அவ்வளவாக இல்லை என்று சிலர் வாதிட்ட காலம் ஒன்றிருந்தது. வேலூரில் நடந்த ஆய்வு, ஒரு வயதுக்குள்ளான லட்சம் குழந்தைகளில் ஆண்டுக்குச் சுமார் 32 பேருக்கு 'ஹிப்' மூளை உறைக் காய்ச்சல் வருவதை 2008இல் காட்டியது. 'ஹிப்' அடங்கிய பென்டாவேலன்ட் ஊசியை 2011 டிசம்பரில் நாட்டிலேயே முதலில் தொடங்கிய மாநிலங்கள் தமிழ்நாடும் கேரளமும். இலங்கையில் 2008இல் தொடங்கி, சில இறப்புகளைத் தொடர்ந்து நிறுத்தி, ஆராய்ந்த பிறகு 2010இல் மீண்டும் கொண்டுவந்தார்கள்.

நிமோகாக்கஸ் ஊசி நமக்குத் தாமதமாக வந்தது. 2017இல் இமாசலப் பிரதேசத்திலும் பிகார், உத்தரப் பிரதேசத்தின் சில பகுதிகளிலும் ஆரம்பித்து, தமிழ்நாட்டுக்கு 2021 ஜூலையில் வந்தது. ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம் என்று மூன்று தவணை. காசு கிடையாது. அக்கா மகனுக்கு 2017 கடைசியிலிருந்து சுகாதார நிலையத்தில் புதன்கிழமைகளில் போடும் ஊசி எல்லாமே தவறாமல் போட்டிருந்தது. 'ஹிப்' அவனைத் தொடவில்லை. நிமோகாக்கஸ் ஊசி அப்போது தனியாரிடம் பணம் கொடுத்துப் போடுவது. அப்படி ஒன்று இருப்பதே அக்காவுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

மெனிங்கோகாக்கஸ் ஊசி இன்றும் நம் நாட்டின் பொதுப் பட்டியலில் இல்லை. டெல்லி 1966, 1985, 2005 ஆண்டுகளில் அந்தக் கிருமியின் பரவலைக் கண்டிருக்கிறது. ஹஜ் பயணத்தில் 1987லும் 2000லும் பரவிய பிறகு, நான்கு வகைக்கான ஊசி போடாமல் சவூதிக்குள் ஹாஜிகள் நுழைய முடியாது. அங்கே போய்ச் சேர்வதற்குப் பத்து நாள் முன்பாவது போட்டிருக்க வேண்டும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்குப் போகும் பிள்ளைகளிடமும் பல இடங்களில் இந்தச் சான்றிதழைக் கேட்கிறார்கள்.

ஆப்பிரிக்காவில் செனகல் முதல் எத்தியோப்பியா வரை நீளும் நிலப்பரப்புக்கே 'மூளை உறைக் காய்ச்சல் பட்டை' என்று பெயர். 1996-97இல் மட்டும் அங்கே இரண்டரை லட்சம் பேருக்கு நோய், 25,000 பேர் மரணம். பெரிய நிறுவனங்களின் விலை அந்த நாடுகளுக்குக் கட்டுபடியாகாதபோது, புனேயின் சீரம் நிறுவனம் ஒரு டோஸ் அரை டாலருக்கும் குறைவாக மெனிங்கோகாக்கஸ் 'ஏ' வகைக்கான ஊசியைத் தயாரித்துக் கொடுத்தது. 2010 டிசம்பரில் புர்கினா ஃபாசோவில் ஆரம்பித்து 30 கோடிக்கும் மேற்பட்டோருக்குப் போட்டார்கள். 2017க்குப் பிறகு அந்தப் பட்டையில் 'ஏ' வகை நோய் உறுதி செய்யப்படவில்லை. ஐந்து வகைக்கான அடுத்த ஊசியும் அதே புனேயில்தான் தயாரானது. 2024 மார்ச்சில் நைஜீரியா அதை முதலில் போட்டது. ஒரு கண்டத்துக்கே இதைச் செய்ய முடிந்த நாட்டில், டிஸ்சார்ஜ் சீட்டில் 'காது பரிசோதனை' என்று ஒரு வரி சேர்ப்பது பெரிய காரியமா? அதை ஒவ்வொரு குழந்தைகள் வார்டிலும் கட்டாயமாக்க வேண்டும் என்று சுகாதாரத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன். முதுகு ஊசி எங்கே போகிறது என்று ஒரு படத்தை வரைந்து, அந்தக் கையெழுத்துத் தாளின் பின்பக்கம் அச்சடியுங்கள். இரண்டுக்கும் செலவு மையும் காகிதமும்தான்.

அக்காவுக்கு 2022இல் பெண் குழந்தை பிறந்தது. ஆறாவது வாரப் புதன்கிழமை நானும் துணை சுகாதார நிலையத்துக்குப் போயிருந்தேன். நாலரை வயது அண்ணனும் வந்திருந்தான். கிராம சுகாதாரச் செவிலியர் அட்டையில் எழுதிவிட்டு, இடது தொடையில் பென்டாவேலன்ட் போட்டார். குழந்தை மூச்சு அடங்கி, ஒரு கணம் நின்று, வீறிட்டது. அக்கா குனிந்து, "இன்னும் ஒன்னுதான்டா செல்லம், அதையும் போட்டுக்க" என்று மறு தொடையைப் பிடித்துக் கொடுத்தாள். நிமோகாக்கஸ் ஊசி. அலறல் இரண்டு மடங்கானது.

பக்கத்து பெஞ்சில் இருந்த அண்ணன் முகத்தைச் சுளித்தான். கையை உயர்த்தி, இடது காதுக்குப் பின்னால் தலையில் காந்தத்தில் ஒட்டியிருந்த வட்ட வில்லையை டப்பென்று பிடுங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டான். தங்கை அழுது முடிக்கும் வரை அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். வாய் மூடியதும் வில்லையை எடுத்துத் தலையில் ஒட்டினான்.

"மாமா, பாப்பா கத்துறா" என்றான்.